இந்த மாத ரீடிங்

ஞாயிறு காலை ஏழரை பஸ்.
அம்மாபேட்டையில் கட்டிய தயிர்சாதம்
இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
டப்பாவின் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடும்.
நாகலூரில் இறங்கி அரை மைல் நடந்தால்
என் அறுபது சென்ட்.
பத்திரத்தில் காப்பித் தோட்டம்.
கண்ணுக்கு உண்ணிப் புதர்.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாய்
மீட்டர் படித்தவள் நான்.
எண்ணாமல் எதையும் பார்க்க வராது.
மிச்சமிருந்த வெள்ளை அட்டை ஒன்றில்
தேதி போட்டு எழுதினேன்:
உண்ணி, நூற்றுப் பன்னிரண்டு தூர்.
ஊமத்தை ஒன்பது.
பார்த்தீனியம், கேட் பூட்டியிருந்த வீடு மாதிரி,
உத்தேச மதிப்பு.

முதல் வருஷம் அரிவாளால் வெட்டினேன்.
வெட்டிய கம்பு ஒன்றுக்கு ஐந்து கம்பு,
அபராதத்தோடு வசூலித்தது உண்ணி.
கொளுத்திவிடுங்கள் என்றான் டீக்கடைப் பையன்.
மார்ச் மாதம், மலையில், தீயா?

கை கொப்புளித்துக் கொப்புளித்துத்தான் தெரிந்தது,
மண்ணுக்குள் மூன்று விரல் கீழே
வேருக்கு ஒரு கழுத்து இருப்பது.
அங்கே அறுக்க வேண்டும்.
புதரை அப்படியே தூக்கித்
தலைகீழாய்க் கவிழ்த்துப் போட வேண்டும்,
வேர் வெயிலைப் பார்த்துக்கொண்டு சாகட்டும்.
அதுவும் காய் கறுப்பதற்குள்.
கறுத்துவிட்டால் சின்னான் குருவிகளின் பாடு:
அவை எச்சமிட்ட இடமெல்லாம் புது இணைப்பு,
விண்ணப்பமும் இல்லை, டெபாசிட்டும் இல்லை.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கினேன்,
மழை விட்ட மறுநாள், உறை போட்ட கையால்.
உறை கிழிந்த ஒரு நாள்
முழங்கை வரை தடித்துச் சிவந்து
பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

நாலாவது ஞாயிறு, கிழக்கு ஓரம்.
கவிழ்த்த புதருக்கு அடியில் கல்.
சர்வே கல்.
நான் நினைத்திருந்த இடத்துக்கு எட்டடி உள்ளே.
அப்படியானால் நான் அறுத்ததில் பதினேழு தூர்
சடையம்மாவுடையது.

சொல்லப் போகலாம் என்று நிமிர்ந்தால்
அவளே நிற்கிறாள், கையில் ஒரு கொடி.
மினுமினுப்பான இலை, மஞ்சள் பூ,
கணுவுக்குக் கணு வெள்ளை வேர்.
"இது யாருது மீட்டரம்மா?
மிளகுக் கொடி அத்தனையும் அமுக்கிருச்சு.
ஆடு மோந்து பாத்துட்டு நகந்து போகுது."

என்னுடையது.
கீழே ஏற்காடு ரோடு நர்சரியில்
தொங்கு தொட்டியோடு முப்பது ரூபாய்.
விற்றவன் தங்கச்சரம் என்றான்.
தொட்டி உடைந்தபோது, உயிராயிற்றே என்று
தரையில் வைத்தேன்.
உண்ணியின் நிழலுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து
கல்லைத் தாண்டியிருக்கிறது.
அட்டையில் அதற்கு வரியே இல்லை.

பதினேழு தூர் விஷயத்தையும் சொன்னேன்.
"அய்யோ, அதுதானே வேலி" என்றாள்.
"காட்டெருமை அந்தப் பக்கமா நுழைஞ்சதே இல்ல."
ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.
ஒரு நச்சை அகற்றி
ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வரை பிடுங்கினோம்.
ஒரு கணு விழுந்தால் ஒரு கொடி.
ஓடையில் எறியக் கூடாது, குப்பையில் கூடாது.
சிமெண்ட் சாக்கில் திணித்து வாய் கட்டி
தகரக் கூரைமேல் போட்டோம், வெந்து தீர.
முள்கம்பிக்குப் பாதிப் பணம் என்றேன்.
"முழுசும்" என்றாள், சிரிக்காமல்.

அட்டையில் புது வரி எழுதினேன்.
நுகர்வோர் பெயர்: ப. தில்லைக்கரசி.
சென்ற மாத ரீடிங் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில், எட்டாவது வளைவில்,
முந்தானை மடிப்புக்குள் ஏதோ உறுத்தியது.
விரலளவு தண்டு.
வாடியும் கணுவில் பச்சை.
ஜன்னல் திறந்திருந்தது,
கீழே மலை முழுக்க இருட்டத் தொடங்கியிருந்தது.

வீசவில்லை.
ஏழு, ஆறு, ஐந்து என்று எண்ணிக்கொண்டு
அம்மாபேட்டை அடுப்பு வரை
மூடிய கையில் வைத்திருந்தேன்.